கீழே கடை, மேலே வீடு

நமது கடைத்தெருக்களில் கீழே கடை, மேலே வீடு என்பது நெடுநாளைய வழக்கம். அமெரிக்காவில் இதைக் கைவிட்டு, வாங்க ஓர் இடம், வாழ வேறோர் இடம் என்று பிரித்தார்கள். அதன் பலனை வணிகர்களாகிய நாம் அறிந்துகொள்வது நல்லது.

கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரை அடுத்த லேக்வுட் என்னும் ஊரில் 1966ஆம் ஆண்டு வில்லா இத்தாலியா என்ற அங்காடி வளாகம் திறக்கப்பட்டது. சுமார் 104 ஏக்கர் நிலம். நடுவில் கட்டடம்; சுற்றிலும் கார் நிறுத்தத் தார் போட்ட பொட்டல். வேறிடங்களில் புதிய வளாகங்கள் வந்ததும் கூட்டம் அங்கே போயிற்று. காரில் வந்த வாடிக்கையாளர் காரிலேயே போய்விட்டார். 2001இல் வளாகம் மூடப்பட்டது.

பிறகு அதை இடித்து, அந்நிலத்திலேயே தெருக்கள் போட்டு, கீழ்த்தளத்தில் கடைகள், மேலே வீடுகள், அலுவலகங்கள், இடையே சதுக்கமும் பூங்காவும் அமைத்தார்கள். பெல்மார் என்ற பெயரில் 2004இல் திறந்தது. இதற்கு முன்பே புளோரிடாவில் போகா ரேட்டன் நகரில், 1974இல் கட்டிய வளாகம் நொடித்துப்போன இடத்தில் 1991இல் மைஸ்னர் பார்க் எழுந்தது. அங்கேயும் கடைக்கு மேல் வீடுதான், நடுவில் புல்வெளி.

பழைய கடை நிலத்திலேயே வீடுகள் எழும்பினால், ஊருக்கு வெளியே வயலையும் ஏரிக்கரையையும் பிளாட் போடும் தேவை குறையும். இது வணிகனுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு அல்ல. சென்னையில் ஏரிகளும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் சுருங்கியது 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு ஒரு காரணம். அப்போது நனைந்த அரிசி மூட்டைகளை நாம் மறக்கவில்லை.

ஆனால் நமது கடைத்தெருவை இடித்துக் கட்டும்போது நாம் கவனிக்க வேண்டியது வேறு. இடித்துக் கட்டி முடிய இரண்டு மூன்று வருஷம் ஆகலாம். அதுவரை வியாபாரம் எங்கே? பற்று வைத்திருக்கும் குடும்பங்கள் வேறு கடை பிடித்துவிடும். திரும்பி வந்தால் வாடகை பழைய வாடகையாகவும் இராது. "உங்களுக்குத்தான் முதல் கடை" என்ற வாய்ப்பேச்சு போதாது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் அமலில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். திரும்பக் கடை தருவது, எத்தனை சதுர அடி, எந்த முகப்பு, என்ன வாடகை, இவையெல்லாம் காலி செய்வதற்கு முன்பே எழுத்தில் வரட்டும்.

வரைபடத்தையும் கேட்டுப் பாருங்கள். லாரி பின்பக்கம் வந்து மூட்டை இறக்க வழி உண்டா? மாடிக்கு ஏறும் படி தனியாக இருக்கிறதா? கிடங்கைத் தரைக்குக் கீழே வைத்திருந்தால் ஒப்பாதீர்கள். முதல் மழையில் பருப்பு போய்விடும். விடியற்காலை மூட்டை இறக்கும் சத்தத்துக்கு மேல்வீட்டார் சண்டைக்கு வருவார்கள். அதற்கும் இப்போதே நேரம் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். மிளகாய் மண்டிக்கு மேல் மட்டும் யாரும் குடியிருக்க முடியாது. அந்தச் சரக்குக்காரர்களுக்குத் தனி வரிசை கேட்பதே முறை.