எந்தப் பூமியின் சூப்பர்மேன்?
டிசி காமிக்ஸைக் குழம்பாமல் படிக்க ஒரு வழிகாட்டி

டிசி காமிக்ஸ் படிக்க ஆசைப்பட்டு, கைக்குக் கிடைத்த இதழைப் புரட்டிப் பார்த்து, தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை என்று மூடி வைத்தவர்கள் பலர். ஒரு கதையில் பேட்மேனுக்கு வளர்ந்த மகள் இருக்கிறாள். இன்னொன்றில் அவரே இளைஞர். செத்துப்போன ஃபிளாஷ் வேறொரு தொடரில் ஓடிக்கொண்டிருக்கிறார். இதற்காக 1938-ல் வந்த முதல் சூப்பர்மேன் கதையிலிருந்து எல்லாவற்றையும் படித்துத் தீர்க்க வேண்டியதில்லை. கையில் உள்ள கதை எந்த ஆண்டில் வந்தது, எந்தப் பூமியில் நடக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் ஆண்டைக் கண்டுபிடியுங்கள். அட்டையில் போட்ட இதழ் எண்ணை நம்ப வேண்டாம். ஆக்‌ஷன் காமிக்ஸ் 2011-ல் மறுபடியும் 1-ல் தொடங்கியது. 2016-ல் பழைய கணக்குக்குத் திரும்பி 957 என்று வந்தது. 2018-ல் 1000-ஐத் தொட்டது. தொகுப்பு நூலாக இருந்தால் பதிப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள். கதைகள் முதலில் எந்தெந்த இதழ்களில், எந்த ஆண்டில் வந்தன என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். தெரிந்த ஆண்டை இரண்டு எல்லைக் கற்களோடு ஒப்பிடுங்கள்: 1985-86, 2011. இரண்டு இடத்திலும் டிசி தன் உலகத்தைக் கலைத்து அடுக்கியது. இடையில் சிறுசிறு திருத்தங்கள் உண்டு; தொடக்கத்தில் அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம்.

அடுத்து பூமி. இதைப் புரிந்துகொள்ள 1961-ல் வந்த ஃபிளாஷ் 123-ஆம் இதழைவிட நல்ல பாடம் கிடையாது. எழுதியவர் கார்ட்னர் ஃபாக்ஸ், வரைந்தவர் கார்மைன் இன்ஃபான்டினோ. பின்னணி இதுதான்: 1940-ல் வந்த முதல் ஃபிளாஷ் ஜே கேரிக். போருக்குப் பிறகு சூப்பர்ஹீரோக்களுக்கு மவுசு குறைந்து, 1949-ல் அவர் வந்த பத்திரிகை நின்றது. 1956-ல் அதே பெயரில் பேரி ஆலன் என்ற புது ஆளை இறக்கினார்கள். அவர் சின்ன வயதில் ஜே கேரிக்கின் காமிக்ஸைப் படித்து வளர்ந்தவர்! 123-ஆம் இதழில் பேரி குழந்தைகளுக்கு வித்தை காட்டும்போது உடம்பை அதிவேகமாக அதிரச் செய்கிறார். கண் திறந்தால் வேறொரு ஊர். பேரைப் பார்த்தால் கீஸ்டோன் சிட்டி, காமிக்ஸில் படித்த ஜேயின் ஊர். டெலிபோன் டைரக்டரியைப் புரட்டி முகவரியைப் பிடித்து, ஜேயின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். சின்ன வயதில் கதையாகப் படித்தவர் நேரில் வந்து கதவைத் திறக்கிறார். இணை உலகம் என்ற ஏற்பாட்டின் சுகம் முழுவதும் அந்த வாசற்படியில் இருக்கிறது. பழைய கதை எதையும் பொய் என்று தள்ளிவிடாமல் அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். என் கணக்கில் அமெரிக்க காமிக்ஸில் வந்த மிகப் பெருந்தன்மையான யோசனை இது.

அதைப் படித்ததும் 1963-ன் ஜஸ்டிஸ் லீக் 21, 22 இதழ்களுக்குப் போங்கள். பூமி-1, பூமி-2 என்ற பெயர்கள் அங்கே நிலைபெறுகின்றன. பிறகு அடையாளம் காண்பது சுலபம். சூப்பர்மேனுக்குக் காதோரம் நரைத்து, டெய்லி ஸ்டார் பத்திரிகையில் வேலை பார்த்தால் பூமி-2. டெய்லி பிளானெட் என்றால் பூமி-1. கிரீன் லேன்டர்ன் ஆலன் ஸ்காட் என்றால் மந்திர மோதிரம், மரத்தைக் கண்டால் பலம் செல்லாது. ஹால் ஜோர்டான் என்றால் அண்டவெளிக் காவல் படையின் மோதிரம், மஞ்சள் நிறம் ஆகாது. பேட்மேன் கேட்வுமனை மணந்து, ஹெலினா என்ற மகள் ஹன்ட்ரஸாகத் திரிகிறாள் என்றால் சந்தேகமே வேண்டாம், பூமி-2. நாயகர்கள் எல்லாம் கொள்ளையர்களாக இருப்பது பூமி-3. அது 1964-ல் வந்தது.

முதல் எல்லைக் கல்லான கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸை (1985-86) இத்தனைக்கும் பிறகுதான் தொட வேண்டும். மார்வ் வுல்ஃப்மேன் எழுதி ஜார்ஜ் பெரஸ் வரைந்த 12 இதழ்கள். பூமிகள் ஒவ்வொன்றாக அழிந்து, மிஞ்சியவை கடைசியில் ஒன்றாகின்றன. முதல் இதழிலேயே பூமி-3 அழிகிறது. அங்கே ஒரே நல்லவனான லெக்ஸ் லூதர் தன் கைக்குழந்தையை ராக்கெட்டில் வைத்து வேறு உலகுக்கு அனுப்புகிறான். சூப்பர்மேனின் பிறப்புக் கதை அவன் பரம எதிரியின் வீட்டில் நடக்கிறது. முன்கதை தெரிந்தவருக்கு நெஞ்சு அடைக்கும். தெரியாதவருக்கு அது நான்கு கட்டம், அவ்வளவுதான். 7-ஆம் இதழில் சூப்பர்கேர்ளும் 8-ஆம் இதழில் பேரி ஆலனும் இறப்பதும் அப்படியே.

அடுத்து, ஒன்றான அந்த உலகில் நாயகர்களின் கதையை முதலிலிருந்து சொல்லும் ஜான் பைர்னின் மேன் ஆஃப் ஸ்டீல் (1986), ஃபிராங்க் மில்லரும் டேவிட் மட்சுகெல்லியும் சேர்ந்து செய்த பேட்மேன்: இயர் ஒன் (1987), பெரஸின் வொண்டர் வுமன் (1987) ஆகியவற்றைப் படியுங்கள். ஓர் எச்சரிக்கை: எல்லாருக்கும் ஒரே நாளில் புதுக் கணக்கு தொடங்கவில்லை. வொண்டர் வுமன் 1987-ல் புதிதாக வந்து இறங்குகிறாள். அவளுக்குத் தங்கை முறையான டோனா ட்ராய் டீன் டைட்டன்ஸ் அணியில் பல வருடங்களாக இருக்கிறாள். அக்காவுக்கு முன்னால் தங்கை! இப்படி முரண்பட்டால் உங்களுக்குப் புரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஓட்டை கதையிலேயே இருக்கிறது. டோனாவின் முன்கதையை 1988-ல் மாற்றி எழுதித்தான் அதை அடைத்தார்கள்.

2011-க்கு ஃபிளாஷ்பாயின்ட் ஒன்று போதும். பேரி தன் அம்மாவைக் காப்பாற்றக் காலத்தில் பின்னோக்கிப் போவதால் உலகமே மாறிவிடுகிறது. அந்த ஆகஸ்ட் கடைசி நாளிலும் செப்டம்பரிலுமாக 52 பத்திரிகைகள் 1-ஆம் எண்ணோடு வந்தன. ஆனால் பேட்மேன், கிரீன் லேன்டர்ன் இருவரின் பழைய கதைகள் பெரும்பாலும் அப்படியே தொடர்ந்தன.

இவ்வளவு கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு எல்ஸ்வேர்ல்ட்ஸ் வகை நூல்கள் இருக்கின்றன. குழந்தை சூப்பர்மேனின் விண்கலம் சோவியத் உக்ரைனின் கூட்டுப்பண்ணையில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறது ரெட் சன் (2003). பேட்மேனை 19-ஆம் நூற்றாண்டின் காத்தமில் வைக்கிறது காத்தம் பை கேஸ்லைட் (1989). முன்னும் பின்னும் எதுவும் தெரிய வேண்டாம். ஆனால் ஃபிளாஷ் 123-ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள். அது ஒரே இதழ், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.