பஞ்சாயத்துக்கு ஏற்ற காமிரா எது?

கிராம நிர்வாகத்தில் இன்று கணக்கேட்டுக்கு அடுத்தபடியாக மதிப்புப் பெற்றிருப்பது படமேயாகும். தூர் வாரிய கண்மாய், பாதி எழும்பிய வீடு, மழையில் சாய்ந்த பயிர், இலையடியில் கண்ட புதுப்பூச்சி ஆகிய எதுவாயினும், நேரில் வர இயலாத அதிகாரிக்கும் நிபுணருக்கும் நம் சார்பில் சாட்சி சொல்வது படமே. படம் தெளிவாயிருப்பின் காரியம் விரைவில் நடைபெறும்; மங்கியிருப்பின் நியாயமான கோரிக்கையும் தடைப்படும். ஆதலின் நல்ல காமிரா வைத்திருத்தல் ஆடம்பரமன்று. ஆயினும் பொதுப்பணத்தில் வாங்கிய காமிரா பயனின்றிப் பீரோவில் உறங்குமாயின், அது பெருங்குறையாகும்.

வேலையை முதலில் வகுத்தல்

நிலத்தைப் பார்த்தே கலப்பையைத் தேர்ந்தெடுக்கிறோம். காமிராவுக்கும் அவ்விதியே பொருந்தும். கடைக்குச் செல்லுமுன், எதைப் படமெடுக்கப் போகிறோம், எவ்வளவு தூரத்திலிருந்து, எத்தகைய வெளிச்சத்தில், யாருக்குக் காட்டுவதற்காக என்னும் நான்கு வினாக்களுக்கும் விடையெழுதிக் கொள்ள வேண்டும். இவ்விடைகள் கைவசம் இருந்தால் விற்பவர் சொல் நம்மை மயக்காது.

கைப்பேசியே போதுமான இடங்கள்

பட்டப்பகலில், சில கஜ தூரத்திலுள்ள சாலை, கால்வாய், கட்டிடம் ஆகியவற்றைப் படமெடுக்க நல்ல கைப்பேசியே போதும். சில பணிகளுக்கு அதுவே ஏற்றது. பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்தில், கட்டுமானத்தின் ஒவ்வொரு நிலையிலும் இடக்குறியுடன் கூடிய படம் செயலி வழியாகச் செல்ல வேண்டும். இடத்தை அறியும் வசதி கைப்பேசியில் உண்டு. காமிராக்கள் பலவற்றில் அது இல்லை. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்திலும், ஆலங்கட்டி மழை போன்று சில வயல்களை மட்டும் தாக்கும் இடர் நேர்ந்தால், காப்பீடு செய்த விவசாயி 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அவ்வேளையில் கையிலுள்ள கைப்பேசியே உற்ற துணையாகும்.

காமிரா தேவைப்படும் இடங்கள்

மூன்று இடங்களில் கைப்பேசி தளர்ந்து போகும்.

முதலாவது, தூரம். கூந்தன்குளம் போன்ற ஊர்களில் குளத்து நடுவே தங்கும் பறவைகளையும், காட்டோரக் கிராமங்களில் பயிரை மேயும் யானைகளையும் அருகிற் சென்று படமெடுத்தல் ஆகாது. இதற்கு, கண்ணாடி வில்லையே நகர்ந்து காட்சியை நெருக்கிக் காட்டும் ‘ஆப்டிகல் ஜூம்’ வேண்டும். ‘டிஜிட்டல் ஜூம்’ என்பது எடுத்த படத்தின் ஒரு பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதேயன்றி, புதிய விவரம் எதையும் சேர்ப்பதன்று.

இரண்டாவது, இருட்டு. மங்கிய கூடத்தில் கூட்டம் நடைபெறும்போது, படத்தின் தரம் சென்சார் என்னும் ஒளியுணர் தகட்டின் பரப்பைப் பொறுத்தது. ஒரே மழையில் முற்றத்தில் வைத்த செம்பைவிட அண்டா மிகுதியான நீரைப் பிடிப்பது போல, பெரிய தகடு மிகுதியான ஒளியைப் பிடிக்கிறது. ‘முழுச் சட்டம்’ எனப்படும் தகடு 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது. ‘ஓரங்குலத் தகடு’ எனச் சொல்லப்படுவது உண்மையில் 13.2 மில்லிமீட்டருக்கு 8.8 மில்லிமீட்டர்தான். பெரும்பாலான கைப்பேசிகளில் இருப்பது இதனினும் சிறியது.

மூன்றாவது, நுண்மை. 2018-ஆம் ஆண்டில் நம் நாட்டில் கண்டறியப்பட்ட மக்காச்சோளப் படைப்புழுவை எடுத்துக்கொள்வோம். அதன் தலையில் கவிழ்த்துப் பிடித்த கவட்டை போன்ற வெளிறிய கோடும், உடலின் பின்பகுதியில் சதுரமாய் அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் அதன் அடையாளங்கள். இவை தெரியாத படத்தைக் கொண்டு நிபுணர் புழுவை உறுதி செய்ய இயலாது. இங்கே விலை உயர்ந்த காமிராவும் தோற்கக்கூடும். அதனுடன் வரும் சாதாரண வில்லை பல வேளைகளில் மிக அருகிலுள்ள பொருளைத் தெளிவாகக் காட்டாது. ஆகவே, ‘மேக்ரோ’ வசதி உண்டா என்றும், எவ்வளவு அருகில் தெளிவு கிடைக்கும் என்றும் கேட்டறிதல் வேண்டும்.

எண்ணிக்கை கண்டு மயங்கற்க

விளம்பரங்களில் பெரிதாகக் காணப்படுவது மெகாபிக்சல் கணக்கு. பத்து லட்சம் புள்ளிகள் சேர்ந்தது ஒரு மெகாபிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தரத்தில் ஆறுக்கு நான்கு அங்குலப் படம் அச்சிடச் சுமார் 2 மெகாபிக்சலும், ‘ஏ 4’ தாள் முழுவதும் அச்சிடச் சுமார் 9 மெகாபிக்சலும் போதும். ஒரு துண்டு நிலத்தை எத்தனை பாத்திகளாக வகுத்தாலும் நிலம் பெருகாது. சிறிய தகட்டில் புள்ளிகளைப் பெருக்குவதும் அத்தகையதே.

கடையில் செய்யத்தக்க சோதனைகள்

வாங்குமுன் மூன்று படங்கள் எடுத்துப் பார்க்கலாம். ஒரு ரூபாய் நாணயத்தை மிக அருகில் ஒரு படம். கடையின் இருண்ட மூலையை ஒரு படம். எதிர்வரிசைக் கடையின் பெயர்ப்பலகையை ஒரு படம். இவற்றைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் குணமும் குற்றமும் வெளிப்படும். இயன்றால், வெயிலில் நின்று திரை கண்ணுக்குத் தெரிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். உதிரி மின்கலம், நினைவு அட்டை, உறை ஆகியவற்றின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பழுது பார்க்கும் நிலையம் அருகிலுள்ள நகரில் இல்லையாயின், விலை மலிவும் இலாபமாகாது.

படத்தைக் காத்தல்

எடுத்த படத்தைக் காப்பது எடுப்பதற்கு இணையான கடமை. வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருங்குகிறது. அதனுள் பதிந்திருந்த இடக்குறிப்பும் நீங்கிவிடுகிறது. ஆவணமாக இணைத்து அனுப்பினால் மூலக்கோப்பு மாறாமல் சேரும். மூலத்தை இரண்டு இடங்களில் சேமித்து வைப்பது நலம். வழக்கு நேர்ந்தால் இதன் அருமை விளங்கும்; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தாக்கல் செய்யச் சான்றிதழ் ஒன்றைக் கோருகிறது. காமிராவில் தேதியும் நேரமும் சரியாக அமைந்திருத்தலும் அவசியம்.

பணிகளைப் படமெடுக்கும்போது, தொடங்குமுன், நடைபெறும்போது, முடிந்தபின் என மூன்று வேளைகளிலும் ஒரே இடத்தில் நின்று, ஒரே திசை நோக்கி எடுக்க வேண்டும். பள்ளத்தின் ஆழம் தெரிய அளவுகோல் ஒன்றையும் உடன் நிறுத்தலாம். இவ்வொழுங்கு இல்லையேல் எக்காமிராவும் உதவாது.

பகல்வேலை மட்டும் உள்ள பஞ்சாயத்துக்கு நல்ல கைப்பேசி ஒன்றே போதும். தொலைவும் இருட்டும் குறுக்கிடும் ஊருக்கு, ஆப்டிகல் ஜூமும் ஓரளவு பெரிய தகடும் உடைய காமிரா ஒன்று தகும். எதை வாங்குவதாயினும், அதன் தேவையைக் கூட்டத்தில் விவாதித்து, காரணத்தைத் தீர்மானத்தில் எழுதி, உபயோகிக்க இருவரையேனும் பழக்கிய பின்னரே வாங்குவோமாக. ஊர்ப்பணம் ஊருக்கே பயன்பட அதுவே வழி.