கொள்ளை நோய்க் காலத்தில் உரிமையியல் நீதி: புனே தரும் பாடங்கள்

உரிமையியல் வழக்குகளில் உரிமைக்கு நிகரான முக்கியத்துவம் காலத்திற்கும் உண்டு. கடன் உண்மையானதாக இருக்கலாம். பத்திரமும் கையில் இருக்கலாம். ஆயினும் சட்டம் விதித்த காலம் கடந்து வழக்குரை தாக்கல் செய்யப்படுமாயின், நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தே தீர வேண்டும் என்பது 1963 ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் விதியாகும். அவ்வாறாயின், மக்கள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று அரசே ஆணையிடும் காலத்தில் இந்த விதி என்னவாகும்? இவ்வினாவை ஆராய்வதற்குப் புனே மாவட்டத்தின் வரலாறு மிகவும் பொருத்தமானதாகும்.

1879: சமரசமே முதற்படி

1875 ஆம் ஆண்டில் புனே மாவட்டத்தின் சூபா என்னும் ஊரில் தொடங்கிய தக்காண விவசாயிகளின் கலவரத்தில், லேவாதேவிக்காரர்களின் கடன் பத்திரங்களே தீக்கிரையாயின. உழவர் அந்தப் பத்திரங்களை வெறுத்ததற்கு வட்டி மட்டும் காரணமன்று. அழைப்பாணை கிடைக்காமலும், கிடைத்தாலும் நீதிமன்றம் செல்ல இயலாமலும், அவர்கள் இல்லாத நிலையிலேயே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாணைகள் வழங்கப்பட்டு வந்தன.

இதன் விளைவாகப் புனே, சாத்தாரா, சோலாப்பூர், அகமதுநகர் ஆகிய நான்கு மாவட்டங்களுக்கென 1879 இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் இயற்றப்பட்டது. பத்திரத்தில் எழுதியுள்ள தொகையை அப்படியே ஏற்காமல், கொடுக்கல் வாங்கலின் முழு வரலாற்றையும் நீதிமன்றம் ஆராய வேண்டும் என்று அது பணித்தது. கடனுக்காகக் கைது செய்வதைத் தடுத்தது. மேலும், வழக்குத் தொடுக்கும் முன் சமரசம் செய்பவரிடம் சென்று, சமரசம் கைகூடவில்லை என்ற சான்றினைப் பெறவேண்டும் என்றும் விதித்தது. புனேயில் சார்பு நீதிபதியாகப் பணியாற்றிய எம்.ஜி.ரானடே, பின்னர் இச்சட்டத்தின் கீழ் தனி நீதிபதியாகவும் விளங்கினார். புனே சார்வஜனிக சபையினர் இதற்கு முன்பே நடுவர் மன்றம் அமைத்து வழக்குகளைத் தீர்த்துவைக்க முயன்றிருந்தனர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

1897: வழக்குக்குத் தடை

பிளேக் நோய் பரவியபோது, 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. புனேயில் டபிள்யூ.சி.ராண்ட் தலைமையில் வீடுகள் சோதனையிடப்பட்டன; குடும்பத்தினர் பிரிக்கப்பட்டனர்; உடைமைகளும் அழிக்கப்பட்டன. ஆனால் அச்சட்டத்தின் 4 ஆம் பிரிவு, நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட எச்செயலுக்கும் எதிராக வழக்குத் தொடர இயலாது என்று கூறியது. குறைகளைக் கேட்கும் மன்றம் இல்லாத இடத்தில் கசப்பு வேறு வழிகளில் வெளிப்படும். 1897 ஜூன் 22 அன்று ராண்ட் சுடப்பட்டுப் பின்னர் உயிரிழந்தது வரலாறு. வன்முறையை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது. எனினும், நெருக்கடிக் காலத்தில் நீதிமன்றத்தின் கதவு முற்றிலும் மூடப்படலாகாது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

1976 முதல் 2018 வரை

1908 ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1976, 1999, 2002 ஆகிய ஆண்டுகளில் பெரிதும் திருத்தப்பட்டது. 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களின்படி, பிரதிவாதி 30 நாட்களுக்குள், மிஞ்சினால் 90 நாட்களுக்குள், எதிர்வழக்குரை தாக்கல் செய்ய வேண்டும். சாட்சியின் முதல் விசாரணை பிரமாணப் பத்திரத்தின் வாயிலாக நடைபெறும். இத்திருத்தங்களை எதிர்த்துச் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2002 இலும் 2005 இலும் தீர்ப்பளித்துத் திருத்தங்களை ஏற்றது. ஆயினும் 90 நாள் வரம்பு நீதியை நடத்துவதற்கான வழிகாட்டியே என்றும், அரிய சூழ்நிலையில் அதனைத் தளர்த்தலாம் என்றும் விளக்கியது. 2015 ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் இதற்கு மாறாக, 120 நாட்கள் கடந்தால் எதிர்வழக்குரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும் என்று கண்டிப்பாக விதித்தது.

அச்சட்டத்தில் 2018 இல் சேர்க்கப்பட்ட 12அ பிரிவு, அவசர நிவாரணம் கோராத வணிக வழக்குகளில் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்கிறது. இது கட்டாயமானது என 2022 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1879 இல் தக்காண உழவருக்காக வகுக்கப்பட்ட முறை, வணிகருக்காகப் புத்துருவம் பெற்றது எனலாம்.

2020–2022: காலம் நிறுத்தப்பட்டது

மகாராஷ்டிரத்தில் கொரோனா நோய்த்தொற்று முதன்முதலில் 2020 மார்ச் 9 அன்று புனேயில்தான் கண்டறியப்பட்டது. இரு வாரங்களில், மார்ச் 23 அன்று, உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து, மார்ச் 15 முதல் எல்லாக் காலவரையறைகளையும் நீட்டித்து ஆணையிட்டது. பல ஆணைகளுக்குப் பின்னர், 2022 ஜனவரி 10 அன்று இறுதி விளக்கம் வந்தது. அதன்படி 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான 716 நாட்கள் கணக்கில் சேரா.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். புனேயில் ஒரு சிறு வணிகருக்கு வரவேண்டிய பணத்திற்கான மூன்றாண்டுக் காலம் 2020 ஏப்ரல் 30 இல் முடிவதாகக் கொள்வோம். மார்ச் 15 அன்று அவருக்கு எஞ்சியிருந்தது ஏறத்தாழ ஒன்றரை மாதமே. ஆணையின்படி அவருக்கு 2022 மார்ச் 1 முதல் 90 நாட்கள் கிடைத்தன. எஞ்சிய காலம் 90 நாட்களைவிடக் கூடுதலாக இருந்தவர்களுக்கு அந்தக் கூடுதல் காலமே கிடைத்தது. இச்சலுகை வாதிகளுக்கு மட்டும் உரியதன்று. வணிக வழக்கில் எதிர்வழக்குரை தாக்கல் செய்வதற்கான 120 நாள் வரம்புக்கும் இது பொருந்தும் என 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

எனினும் காலத்தை நிறுத்துவது மட்டும் நீதியாகாது. வாடகையை நம்பி வாழும் முதியவருக்கோ, நிலம் ஆக்கிரமிக்கப்படும் உழவருக்கோ, தாமதமே இழப்பாகும். ஆகவே 2020 ஏப்ரல் 6 அன்று காணொலி விசாரணைக்கு உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. சாட்சியம் பதிவு செய்வதற்கு இரு தரப்பின் இசைவும் வேண்டும் என்றும், வசதியற்ற வழக்காடிகளுக்குக் காணொலி வசதி செய்து தரவேண்டும் என்றும் அது கூறியது. ஜூலை 10 அன்று, மின்னஞ்சல், வாட்ஸ்அப் போன்றவற்றின் வாயிலாகவும் அறிவிப்பு அனுப்ப அனுமதித்தது.

புனே நீதிமன்றத்தில் ஒரு வழக்கு

அவசர நிவாரணத்தை நீதிமன்றம் எவ்வாறு எடைபோடுகிறது என்பதற்குக் கோவிஷீல்டு வழக்கு சிறந்த சான்றாகும். தொற்றுநீக்கிப் பொருள்களுக்குத் தாம் முன்னரே இப்பெயரைப் பயன்படுத்தியதாகக் கூறிய கியூடிஸ் பயோடெக் நிறுவனம், புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் தனது தடுப்பூசிக்கு அப்பெயரை இடக்கூடாது என 2021 ஜனவரியில் புனே மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. இடைக்கால உறுத்துக்கட்டளை அம்மாத இறுதியிலேயே மறுக்கப்பட்டது. ஏப்ரல் 20 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டையும் தள்ளியது. முதல்நோக்கு வழக்கு, வசதிச் சமநிலை, ஈடுசெய்ய இயலாத இழப்பு என்னும் மூன்று அளவுகோல்களுடன், நாடெங்கும் நடைபெறும் தடுப்பூசிப் பணியில் குழப்பம் நேரும் என்பதையும் உயர் நீதிமன்றம் கருத்திற் கொண்டது. இரு நிலைகளிலும் நான்கு மாதங்களுக்குள் விடை கிடைத்தது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று பாடங்கள் பெறப்படுகின்றன. முதலாவதாக, பேரிடர்க் காலத்தில் காலவரையறை எவ்வாறு கணக்கிடப்படும் என்பதைச் சட்டத்திலேயே முன்கூட்டி வகுத்தல் நலம். அடுத்தடுத்த ஆணைகளை எதிர்பார்த்து எளிய மக்கள் காத்திருக்க நேரக்கூடாது. இரண்டாவதாக, காணொலி முறை பயன் தருவதற்கு வட்ட அளவிலான நீதிமன்றங்களிலும் இலவச வசதி மையங்கள் வேண்டும். இதற்கு, 2023 இல் ரூ.7,210 கோடி மதிப்பில் ஒப்புதல் பெற்ற மின்-நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் துணைபுரிய வேண்டும். மூன்றாவதாக, சமரசம் பயனுள்ளதே. எனினும் அது வழக்கிற்கு வழியாக இருக்கவேண்டுமேயன்றித் தடையாக இருத்தலாகாது.

அழைப்பாணை எட்டாத உழவர் 1875 இல் பத்திரங்களை எரித்தனர். இணைப்பு எட்டாத வழக்காடியின் நிலையும் அதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. நடைமுறைச் சட்டம் எத்துணை நவீனமாயினும், கடைசி மனிதரின் கைக்கு அது எட்டுகிறதா என்பதே அதன் உண்மையான அளவுகோலாகும்.