ஏழைக்கு எது உதவியது? – பத்தாம் வகுப்பில் ஒரு விவாதப் பாடம்

பத்தாம் வகுப்பு வரலாற்றில் ரஷ்யப் புரட்சி ஓரிடத்தில் வருகிறது, பனிப்போர் இன்னோரிடத்தில் வருகிறது. உணவுப் பாதுகாப்பு பொருளியலில் தனியே நிற்கிறது. மக்களாட்சியை ஒன்பதாம் வகுப்பிலேயே முடித்துவிடுகிறோம். மாணவர்கள் இவற்றைத் தனித்தனி வினா விடைகளாகப் படித்து, தேர்வோடு மறந்துவிடுகிறார்கள். 'பொதுவுடைமை என்றால் என்ன?' என்று கேட்டால் இரண்டு மதிப்பெண் விடை வரும். 'அந்த ஆட்சியில் ஒரு கூலித் தொழிலாளி வீட்டில் அடுப்பு எரிந்ததா?' என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். இந்தப் பாடங்களை ஒரே கேள்வியில் இணைக்கும் முயற்சிதான் இந்த விவாதம். திருவண்ணாமலையை ஒட்டிய எங்கள் பள்ளியில் மூன்று ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். நான்கு பாடவேளைகள் போதும்.

தலைப்பை அமைத்தல்

திருவிழாப் பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நம் பிள்ளைகள். 'சிறந்தது பொதுவுடைமையா, முதலாளித்துவ மக்களாட்சியா?' என்று தலைப்புக் கொடுத்தால் கைதட்டல் வாங்கும் பேச்சு வரும், சான்று வராது. ஒரு தரப்பின் கனவை எடுத்து மறு தரப்பின் குறையோடு மோத விடுவார்கள். எனவே கேள்வியை இப்படி மாற்றினேன்: 'ஏழையின் பசி, கூலி, நிலம், குரல் ஆகிய நான்கிலும் எந்த அமைப்பு என்ன செய்தது?' இந்த நான்கு சொற்களும் கரும்பலகையில் நான்கு கட்டங்களாகின்றன.

முதல் பாடவேளையில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். பொதுவுடைமை, முதலாளித்துவம் என்பவை உடைமை யாரிடம் இருக்கிறது என்பதைப் பற்றியவை. மக்களாட்சி, சர்வாதிகாரம் என்பவை அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பற்றியவை. இரண்டும் ஒன்றல்ல. இதற்குக் கேரளமே நல்ல எடுத்துக்காட்டு. 1957இல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் பொதுவுடைமைக் கட்சி வாக்குகள் பெற்று ஆட்சிக்கு வந்தது. நிலச் சீர்திருத்தத்தைத் தொடங்கியது. 1959இல் மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்தது. 'அப்படியானால் மக்களாட்சியை மீறியது யார்?' என்ற கேள்வியை மாணவர்களே எழுப்புவார்கள். விவாதம் அங்கேயே தொடங்கிவிடும்.

சான்று அட்டைகள்

பழைய அழைப்பிதழ்களின் பின்புறத்தில் அட்டைகள் எழுதினேன். ஐந்து பேர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் எல்லா அட்டைகளும் கிடைக்கும். விதி ஒன்றே: அட்டையைக் காட்டாமல் கருத்துச் சொல்லக் கூடாது. நான் பயன்படுத்தும் முக்கிய அட்டைகள் இவை.

வங்காளம், 1943: ஆங்கிலேயர் ஆட்சியில் ஏற்பட்ட பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இறந்தனர். இறந்த ஏழைகளுக்கு அந்த ஆட்சியை மாற்றும் வாக்கு இல்லை.

சீனா, 1959–61: கூட்டுப் பண்ணைக் காலத்தில் விளைச்சலை மிகைப்படுத்திக் கணக்குக் காட்டினார்கள். அந்தக் கணக்கை நம்பித் தானியம் கொள்முதல் செய்யப்பட்டது. கோடிக்கணக்கானோர் பஞ்சத்தில் மாண்டனர். தட்டிக்கேட்கச் சுதந்திரமான பத்திரிகையும் இல்லை, எதிர்க்கட்சியும் இல்லை.

அமர்த்தியா சென்: சுதந்திர இந்தியாவில் அத்தகைய பெரும்பஞ்சம் வராததற்குத் தேர்தலும் பத்திரிகையும் காரணம் என்கிறார். அவரே மறுபக்கத்தையும் சொல்கிறார். ஆயுட்காலத்திலும் எழுத்தறிவிலும் சீனா இந்தியாவை முந்திச் சென்றது. இந்தியாவில் அன்றாடப் பசி சத்தமில்லாமல் கொன்றது, அது செய்தியாகவில்லை.

அமெரிக்கா, 1935: பெருமந்தத்தில் லட்சக்கணக்கானோர் வேலையிழந்த பிறகு முதியோர் ஓய்வூதியமும் வேலையின்மைக் காப்பீடும் சட்டமாயின.

கீழ்த்தஞ்சை, 1952: பண்ணையாட்களுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த வயல்களில் செங்கொடிச் சங்கம் வளர்ந்தது. 1952 தேர்தலில் பொதுவுடைமைக் கட்சி சென்னை மாகாணத்தின் பெரிய எதிர்க்கட்சியானது. அதே ஆண்டில் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் பொதுவுடைமையைக் கடுமையாக எதிர்த்த ராஜாஜி.

கீழ்வெண்மணி, 25.12.1968: கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1973இல் உயர்நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை விடுவித்தது. இடையில், 1969இல், நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

பள்ளி உணவு: 1920இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளி, 1956இல் காமராசரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் காலை உணவு.

விவாத நாள்

தரப்பைக் குலுக்கல் முடிவு செய்யும். ஒருவருக்கு இரண்டு நிமிடம். பாதி நேரம் ஆனதும் இரு அணிகளும் தரப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். இதுவரை எதிர்த்ததை இனி ஆதரிக்க வேண்டும் என்றதும் முதலில் கூச்சல் எழும். பிறகு அட்டைகளை முதல்முறையாக உண்மையிலேயே படிப்பார்கள்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி கேட்டாள்: "ஓட்டு இருந்தும் வெண்மணியில எரிச்சாங்களே சார், அப்ப ஓட்டு எதுக்கு?" எதிரணி மாணவன் சொன்னான்: "எரிச்சது ஊருக்கே தெரிஞ்சுது, சட்டம் வந்துச்சு. சீனாவுல செத்தது வெளியவே வரலையே." அவள் விடவில்லை: "தெரிஞ்சா செத்தவங்க எழுந்து வந்துடுவாங்களா?" நான் பதில் சொல்லவில்லை. மூன்றையும் கரும்பலகையில் 'குரல்' என்ற கட்டத்தில் எழுதினேன். பாடநூல் தராத ஆழத்தை அந்த மூன்று வரிகள் தந்தன.

பள்ளி உணவு அட்டைக்கு வந்தபோது பேச்சு கிரிவலப் பாதைக்குப் போனது. பௌர்ணமிதோறும் அன்னதானம் பார்க்கும் பிள்ளைகள். "அதுவும் சோறு, சத்துணவும் சோறு, என்ன வித்தியாசம்?" என்றான் ஒருவன். கொடுப்பவர் நாளை நிறுத்தினால் அன்னதானத்தில் கேட்க முடியாது, சத்துணவில் கேட்கலாம் என்று வகுப்பே முடிவுக்கு வந்தது. தர்மத்துக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட எளிதாக என்னால் விளக்கியிருக்க முடியாது.

இன்னொருவன் 'ரேஷன் அரிசி வாங்குறவங்க' என்று யாரையோ சொல்வதுபோல் சொன்னான். அந்த வகுப்பில் பலர் வீட்டில் அந்த அரிசிதான். ஆசிரியர் உடனே குறுக்கிட வேண்டிய இடம் இது. ஆனால் 'யார் வீட்டில் ரேஷன் அரிசி?' என்று கை தூக்கச் சொல்லக் கூடாது. தகவலைக் கொடுத்தேன். 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டின்படி அட்டைகளைப் பிரித்தபோது, தமிழ்நாடு எல்லோருக்குமான பொது விநியோகத்தைத் தொடர்ந்தது. ஏழைகளைப் பொறுக்கி எடுக்கும் பட்டியலில் உண்மையான ஏழையே விடுபட்டுப் போவான் என்பது இதற்கான வலுவான வாதம். 'அவங்க' என்ற சொல் அதன்பின் வகுப்பில் வரவில்லை.

மதிப்பீடு

வெற்றி தோல்வி அறிவிப்பதில்லை. நான்காவது பாடவேளையில் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுத வேண்டும். தலைப்பு: 'நான் ஏற்காத தரப்பின் மிக வலுவான வாதம்'. சான்றுக்கு 4 மதிப்பெண், எதிர்க்கருத்தைத் திரிக்காமல் சொன்னதற்கு 4, மொழிக்கு 2. பேசத் தயங்கும் மாணவர்கள் இதில் நன்றாக எழுதுகிறார்கள்.

ஆசிரியர் கவனத்திற்கு

இன்றைய கட்சிகள், தலைவர்கள் பற்றிய பேச்சு வேண்டாம் என்பதை முதலிலேயே விதியாக்கிவிடுங்கள். மாணவரின் குடும்ப வருமானம், சாதி ஆகியவை எடுத்துக்காட்டாகவும் வரக் கூடாது. வெண்மணியை நடித்துக் காட்டச் செய்யாதீர்கள். உண்மைகளைப் படித்தாலே போதும். "உங்க கருத்து என்ன சார்?" என்று கட்டாயம் கேட்பார்கள். என் பதில்: "பன்னிரண்டாம் வகுப்பு முடிச்சதும் உனக்கு ஓட்டு வந்துடும். அன்னைக்கு நீ இதே நாலு கட்டத்தையும் மனசுல வச்சுப் பார்த்தா போதும்."

அட்டைகளை அவரவர் மாவட்டத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். தூத்துக்குடியில் உப்பளத் தொழிலாளர், நீலகிரியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர், கோவையில் பஞ்சாலைத் தொழிலாளர் என்று எங்கும் பசி, கூலி, நிலம், குரல் பற்றிய வரலாறு உண்டு. ஓர் அட்டையையாவது மாணவர்களே ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும். எங்கள் பள்ளியில் இந்த ஆண்டு அந்த அட்டைதான் அதிகம் கைமாறியது. அதில் இருந்தது ஒரு மூதாட்டி சொன்ன, நாற்று நடவுக்குப் படி நெல் கூலியாக வாங்கிய கணக்கு.