கொம்பேறிமூக்கன் சுடுகாட்டுக்கு வருமா?

கொம்பேறிமூக்கன் கடித்தால், கடிபட்டவரின் பிணம் எரிகிற புகையை மரத்து உச்சியில் இருந்து பார்த்த பிறகுதான் கீழே இறங்கும் என்பார்கள். கிராமத்தில் வளர்ந்த யாரும் இந்தக் கதைக்குத் தப்பியிருக்க முடியாது. மரம் ஏறுவது மட்டும் உண்மை. மரப்பாம்பு வேறு எங்கே ஏறும்? பல்லியையும் தவளையையும் பிடித்துத் தின்னும் அந்தப் பாம்பின் கடியால் மனிதருக்கு ஆபத்தில்லை.

கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் வேர் கொடுப்பவர்கள், மந்திரிப்பவர்கள், கல் வைப்பவர்கள் ஆகியோரின் பேரைக் காப்பாற்றி வருவதே இப்படிப்பட்ட அப்பாவிப் பாம்புகள்தான்.

“எங்க ஊர்ப் பெரியவர் நூறு பேருக்குப் பச்சிலை கொடுத்திருக்கார். ஒருத்தர்கூட சாகலை” என்று அடித்துச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. நம் வயல்வரப்பில் திரியும் பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆளைக் கொல்லும் விஷம் கிடையாது. விஷப்பாம்புகூடச் சில நேரம் பல்லை மட்டும் பதித்துவிட்டு விஷத்தை இறக்காமல் போய்விடும். இதற்குப் பொய்க்கடி என்று பெயர். இந்த இரண்டு வகைக் கடியிலும் பச்சிலை கொடுத்தாலும் பிழைப்பார்கள், பச்சைத் தண்ணீர் கொடுத்தாலும் பிழைப்பார்கள். விஷக்கல்லும் இதே கணக்கில்தான் பிழைப்பு நடத்துகிறது. எலும்பைக் கரித்துச் செய்யும் அந்தக் கல்லில் நுண்துளைகள் உண்டு. காயத்தின் ஈரத்தை இழுப்பதால் தோலில் ஒட்டிக்கொள்கிறது. அது இழுப்பது ரத்தக் கசிவை, விஷத்தை அல்ல.

உண்மையான விஷக்கடி என்று வரும்போதுதான் கணக்கு மாறுகிறது. இந்தியாவில் உயிர்ப்பலிகளுக்குப் பெரும்பாலும் காரணமானவை நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கு. 2000 முதல் 2019 வரை நாட்டில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. 2001-03 காலத்து இறப்புகளை ஆராய்ந்தபோது, நான்கில் மூன்று பேர் மருத்துவமனைக்கு வெளியிலேயே உயிரை விட்டது தெரிந்தது.

இந்த நான்கில் நம்பிக்கைகளுக்கு அதிகம் பலியாகிறவர்கள் கட்டுவிரியனிடம் கடிபட்டவர்கள். “வீங்கலை, வலிக்கலை, பல் தடமும் இல்லை. விஷம் ஏறியிருக்காது” என்று ஆறுதல் சொல்லும் வழக்கம் உண்டு. கட்டுவிரியனோ இரவில் வரும், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். எறும்பு கடித்ததுபோல்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவார்கள். வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். அதற்குள் இமை தொங்கத் தொடங்கியிருக்கும். பிறகு பேச்சு குழறும், எச்சில் விழுங்க வராது, கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுபோகும். கண்ணைக்கூட அசைக்க முடியாத அந்த நிலையில் செத்துவிட்டார் என்றே தோன்றும். உள்ளே நினைவு இருக்கும். நரம்பு முனைகள் கெட்ட பிறகு விஷமுறிவு மருந்தாலும் அவற்றை உடனே மீட்க முடியாது. ஆனால் வெண்டிலேட்டரில் வைத்துச் சில நாட்கள் மூச்சுக் கொடுத்தால், அப்படிக் கிடந்தவர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போக முடியும். மூச்சுக் கொடுப்பதற்கு மந்திரம் கிடையாது.

விஷம் ஏறியதா என்று பார்க்க வேப்பிலையோ மிளகோ மெல்லச் சொல்வார்கள். கசந்தால், காரம் தெரிந்தால் பிழைப்பாராம். நாக்கின் ருசிக்கும் விஷத்துக்கும் தொடர்பில்லை. கண்ணாடிவிரியன் அல்லது சுருட்டைவிரியன் கடியா என்று அறிய அரசு மருத்துவமனையில் ஒரு சோதனை செய்வார்கள், அதுவும் செலவில்லாததுதான். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைப்பார்கள். பிறகு குழாயைச் சாய்ப்பார்கள். உறைந்திருந்தால் ரத்தம் கட்டியாக நிற்கும். தண்ணீர்போல் ஓடினால் ரத்தம் உறையும் சக்தியை விஷம் குலைத்துவிட்டது என்று அர்த்தம். மருந்து உடனே ஏற வேண்டும். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ சோப்புப்போட்டுக் கழுவியிருந்தாலோ முடிவை நம்ப முடியாது.

கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் பிளேடால் கீறுவதும் இன்னும் ஓயவில்லை. கட்டு இறுகினால் ரத்த ஓட்டம் நின்று, பிழைத்தவருக்குக் காலே அழுகலாம். ஏற்கனவே கட்டிவிட்டிருந்தால் வழியில் சட்டென்று அவிழ்ப்பதும் ஆபத்து; டாக்டர் முன்னால்தான் அவிழ்க்க வேண்டும். ரத்தம் உறையாத உடம்பில் பிளேடு போட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வாயால் உறிஞ்சித் துப்புவது சினிமாவில் கதாநாயகிகளுக்கு மட்டும் பலிக்கும்.

“பாம்பை அடித்துக் கொண்டுவந்தால்தான் ஊசி போடுவார்கள்” என்பதும் தவறு. நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்கும் பொது. பாம்பைத் தேடிப் போய் இன்னொருவர் கடிபடுவதுதான் மிச்சம். வெட்டிய தலைகூடக் கடிக்கும். குழந்தைக்கு மருந்தின் அளவைக் குறைக்கச் சொல்லிச் சில பெற்றோர் கெஞ்சுவதுண்டு. கடித்த பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை என்பதால் குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான்.

இந்த மருந்தை ‘இங்கிலீஷ் மருந்து’ என்று ஒதுக்குகிறவர்கள் ஒருமுறை மாமல்லபுரம் அருகே வடநெம்மேலிக்குப் போய்ப் பார்க்கலாம். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான் இருக்கிறது. பாம்புகளைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தால் கிடைப்பதுதான் ஆஸ்பத்திரி ஊசி. இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். பாம்பைப் பற்றித் தமிழர் அறிவு வேண்டும் என்றால், அது இந்த மருந்துக் குப்பிக்குள்ளேயே இருக்கிறது.

அரசும் இப்போது பாம்புக்கடியைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது: 2024-இல் தமிழக அரசு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

வீட்டில் யாரையாவது பாம்பு கடித்தால் மோதிரம், வளையல், கொலுசு, மெட்டியை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் தாமதமானால் பைக்கில் இருவருக்கு நடுவே உட்கார வைத்தாவது கொண்டுபோங்கள். கடித்தபோது மணி என்ன என்று டாக்டர் கேட்பார்; பார்த்து வையுங்கள்.