பேரூர் மண்டபமும் பாட்டியின் காதும்

கோவையை அடுத்த பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலின் கல்தூண் மண்டபங்களைப் பார்த்திருப்பீர்கள். கருங்கல், தன்மேல் படும் ஒலியில் நூற்றில் ஓரிரு பங்கையே உட்கவரும். மற்றதைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் பாடி நிறுத்திய பின்னும் ஒலி சற்று நேரம் நிற்கிறது. இதுவே எதிர்முழக்கம்.

ஓதுவார் தேவாரம் பாடுகையில், ஒரு சொல்லின் முழக்கம் அடங்குமுன் அடுத்த சொல் வந்துவிடுகிறது. நல்ல செவி அவற்றைப் பிரித்தறியும். காது கேட்கும் கருவி அணிந்த பாட்டிக்கோ எல்லாம் இரைச்சல்! கருவி, சொல்லையும் முழக்கத்தையும் சேர்த்தே பெருக்குகிறது. ஒலிபெருக்கியைக் கூட்டினால் முழக்கமும் கூடும்.

வழி என்ன? 1831இல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்! ஓதுவாரின் வாயருகே ஒலிவாங்கி. அடுத்து ஒரு பெருக்கி. அதிலிருந்து பாட்டி அமரும் இடத்தைச் சுற்றி ஒரு கம்பி வளையம். பாட்டுக்கேற்ப மாறும் மின்னோட்டம், மாறும் காந்தப்புலத்தை உண்டாக்கும். பல கருவிகளில் உள்ள 'டி' நிலையில், உள்ளிருக்கும் சிறு கம்பிச்சுருள் அதை மீண்டும் மின்னோட்டமாக்கும். மண்டபத்தின் முழக்கம் குறுக்கிடாது. பிரிட்டனில் பல தேவாலயங்களில் இவ்வளையம் உண்டு.

வளையம் வரும்வரை, பாட்டியை ஓதுவாருக்கு அருகில் அமர்த்துங்கள். தூரம் பாதியானால் நேரடி ஒலியின் செறிவு நான்கு மடங்காகும். முழக்கமோ ஏறக்குறைய அப்படியே இருக்கும்.