லாபம் இருக்கு, காசு எங்கே?

காலேஜ் முடிச்சதும் சொந்தமா தொழில் தொடங்கணும்னு நினைக்கிறீங்களா? அப்போ லாபமும் கேஷ் ஃப்ளோவும் வேற வேறன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க.

கேஷ் ஃப்ளோ என்பது ஒரு தொழிலுக்குள் வரும் பணம், வெளியே போகும் பணம், இரண்டின் கணக்கு. பில் போட்டதுமே லாபம் புத்தகத்தில் ஏறிடும். ஆனா காசு கைக்கு வர்ற நாள் வேற.

திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனி நடத்துறீங்கன்னு வச்சுக்கோங்க. ஜனவரியிலிருந்து மாசம் 10 லட்சத்துக்கு ஆர்டர். நூல், சாயம், கூலி எல்லாம் சேர்த்து செலவு 8 லட்சம், அந்தந்த மாசமே கொடுக்கணும். மாசக் கடைசியில் பில் போடுறீங்க. வாங்குறவர் 90 நாள் கழிச்சுதான் பணம் தருவார். ஏப்ரல் முடியும்போது புத்தகத்தில் லாபம் 8 லட்சம். ஆனா கையிலிருந்து போனது 32 லட்சம், வந்தது பூஜ்யம்! சனிக்கிழமை சம்பளத்துக்குப் புத்தக லாபத்தைக் காட்ட முடியாது.

ஆர்டர் இரண்டு மடங்கானா? 64 லட்சம் வேணும். நல்லா வளர்ற தொழில்கூட காசில்லாம நின்னு போறது இப்படித்தான்.

கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட்டில் மூணு பகுதி இருக்கும்:

1. ஆபரேட்டிங்: அன்றாட வியாபாரத்தில் வந்த, போன பணம்.
2. இன்வெஸ்டிங்: மெஷின், கட்டடம் வாங்கியது, விற்றது.
3. ஃபைனான்சிங்: கடன், பங்கு முதலீடு, கடனைத் திருப்பிக் கட்டியது.

மொத்தத் தொகையை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. ஆபரேட்டிங் வருஷா வருஷம் மைனஸில் இருந்து, ஃபைனான்சிங் மட்டும் பிளஸ்னா, கடன்லதான் வண்டி ஓடுதுன்னு அர்த்தம்.

சரி, என்ன செய்யலாம்? அட்வான்ஸ் கேளுங்க. நூல் கடையில் தவணை வாங்குங்க. உத்யம் பதிவு பண்ணுங்க. 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாகணும். தவறினால் வட்டியும் உண்டு. நம்ம உதாரணத்தில் 90 நாள் 45 ஆனாலே, தேவைப்படும் 32 லட்சம் சுமார் 20 லட்சமா குறையும்.

அதனால ஆர்டர் பேசும்போது "எவ்வளவு?"ன்னு கேட்டதோட நிறுத்தாதீங்க. "எப்போ?"ன்னும் கேட்டு, அதை எழுத்துல வாங்கிக்கோங்க.